டாக்டரிடம் கேளுங்கள்: கருப்பை வாய், கருப்பை, சினைப்பை

சென்ற இதழில் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. சிலவற்றை அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள் என்பது படிக்கும்போதே தெரிகிறது. ஏறக்குறைய எல்லாரும் "கர்ப்பப்பைக் கென்சர்" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு நோய்களைக் குறிப்பிடுகிறார்கள். கருப்பையின் வாயில் வருவது ஒன்று, கருப்பையின் உட்சுவரில் வருவது ஒன்று, சினைப்பையில் வருவது ஒன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழியும் வேறு. ஒன்றுக்குச் செய்துகொண்ட பரிசோதனையை நம்பி மற்றொன்றின் அறிகுறியைத் தள்ளிப்போட்ட பெண்களை நான் பார்த்திருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 52. இருபத்தைந்து வருடம் பால் மரம் சீவினேன். போன மாதம் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி), "உறவால் வருகிற கிருமி உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொன்னார். நான் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரையும் அறியாதவள். அவமானமாகப் போய்விட்டது, எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் இந்தச் சோதனை தேவையா? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, என் தாயாரும் மரம் சீவியவர்தான். அவரிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவரும் எழுந்துதான் வந்திருப்பார். உங்களிடம் சொல்லப்பட்டது உண்மை. சொன்ன இடமும் விதமும் தவறு. அந்தத் தவறுக்காக நீங்கள் சோதனையை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாருக்குமே எச்பிவி என்னும் வைரஸ் கிருமியால்தான் வருகிறது. ஒரு காலத்தில் ஆய்வாளர்களில் பலர், வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொன்றைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசென் அதை ஏற்காமல் பல ஆண்டுகள் தேடி, இந்த நோயின் திசுக்களில் எச்பிவியின் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அதற்கு அடுத்த ஆண்டிலும் கண்டு சொன்னார். இவ்விரண்டு வகைகள் மட்டுமே உலகில் இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் காரணமாக இருக்கின்றன. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி மிகச் சாதாரணமானது. மணவாழ்வு வாழும் பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோரை அது வாழ்நாளில் ஒரு முறையாவது தொற்றிச் செல்கிறது. வலி இல்லை, புண் இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெரும்பாலோரின் உடல் அதை இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய கிருமி கருப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றுநோயாக்கப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தாலும் அது உங்கள் நடத்தைக்கோ உங்கள் வீட்டுக்காரரின் நடத்தைக்கோ சாட்சி ஆகாது. இந்த வரியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அந்த 15, 20 ஆண்டுக் காலம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. செல்கள் மாறத் தொடங்கிப் புற்றுநோயாக மாறாத நிலையில் கண்டுபிடித்துவிட்டால், அந்தச் சிறு பகுதியை மட்டும் உறையவைத்தோ சூடேற்றியோ வெட்டியோ அகற்றிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. கிரேக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய மருத்துவர் பாப்பனிகொலாவ் வகுத்துத் தந்த பாப் ஸ்மியர், செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை. இப்போது அதைவிட நுட்பமான, கிருமியின் மரபுப்பொருளையே தேடும் எச்பிவி டிஎன்ஏ சோதனை நம் மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. இதில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் உண்டு: மாதிரியை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆஸ்திரேலியக் குழு ஒன்றுடன் சேர்ந்து 2018இல் "ரோஸ்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, நம் பெண்களால் இதைச் சரியாகச் செய்ய முடியும் என்று காட்டினார்கள்.

கையில் தரப்படும் பொருள் காது குடையும் பஞ்சுக் குச்சியைப் போன்றதுதான், சற்று நீளமானது, முனை மென்மையானது. கழிவறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிறப்புறுப்புக்குள் அதில் குறித்திருக்கும் அளவு வரை செலுத்தி, மெதுவாகச் சில முறை சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கால் விரித்துப் படுக்க வேண்டியதில்லை. யாரும் பார்க்கவும் மாட்டார்கள். மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகராக இதுவும் நம்பத்தகுந்தது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. கிருமி இல்லை என்று முடிவு வந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு மறுசோதனை தேவைப்படாது.

"கிருமி உண்டு" என்று வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. 16 அல்லது 18ஆம் வகை என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள். மற்ற வகைகள் என்றால் முதலில் பாப் ஸ்மியர் எடுத்து, அதன் பிறகு முடிவு செய்வார்கள். அந்த இரண்டாவது அழைப்புக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு ஒரு சான்று தருகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையிலான கிராமப் பெண்களின் கருப்பை வாயில் வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கத் தடவி, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று பயிற்சி பெற்ற தாதியர் கண்ணாலேயே பார்த்தார்கள். கோளாறு இருந்தவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, இந்த ஒரே ஒரு சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம், அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களும் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான், அவர்களுக்கும் கூச்சம் இருந்திருக்கும். நீங்கள் மறுபடியும் போங்கள், அம்மா. வேறு கிளினிக் வேண்டுமானாலும் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம் படுவது, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் போன்றவை இருந்தால் இந்தச் சோதனைக்காகக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வணக்கம் டாக்டர். மகள் தமிழ்ப்பள்ளி முடித்து இப்போது படிவம் 1 படிக்கிறாள். எச்பிவி ஊசிக்கு ஒப்புதல் பாரம் கொண்டுவந்திருக்கிறாள். பிறகு குழந்தை தங்காது என்று வாட்சப்பில் செய்தி வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதற்கு என்ன அவசரம்? – லோரி ஓட்டும் ஒரு தந்தை

பதில்: ஐயா, அந்தப் பாரத்தில் கையொப்பமிடுங்கள். கிருமி உடலில் நுழைந்த பின் போட்டால் தடுப்பூசியின் பயன் குறைந்துவிடும். அதனால்தான் அதற்கு வெகு முன்பே போடுகிறார்கள், உங்கள் மகளைப் பற்றி யாரும் எதையும் நினைத்துக்கொண்டு போடவில்லை. நம் நாட்டில் இது 2010 முதல் பள்ளிகளில் இலவசமாகப் போடப்படுகிறது. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் மேலோட்டைப் போன்ற வெற்றுக்கூடு மட்டும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றை அது பாதிப்பதாக எந்தச் சான்றும் இல்லை. மாறாக, கருப்பை வாயில் நோய் முற்றி அறுவையும் கதிர்வீச்சும் செய்ய நேர்ந்தால்தான் தாய்மை போய்விடும்.

பயனைப் பற்றி இனி ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2020இல் அறிவித்தார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் 87 விழுக்காடு குறைந்திருந்தது. மகள் வளர்ந்து 30 வயதானதும் அவளும் சோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை வியாதி உண்டு, உடம்பும் கனம். மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் உள்ளாடையில் இலேசாகக் கறை பட்டது. "உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் போதும்" என்று பெரியம்மா சொல்கிறார். சென்ற வருடம்தான் பாப் ஸ்மியர் எடுத்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பயப்பட வேண்டியதில்லைதானே? – ஒரு மகள், கோலகங்சார் சாலை

பதில்: மகளே, இளநீர் குடிப்பதில் தவறில்லை, குடித்துவிட்டு இந்த வாரமே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போ. வந்திருக்கும் கடிதங்களில் நான் மிகவும் கவலைப்பட்டது உன் கடிதத்தைப் படித்துத்தான்.

மாதவிலக்கு முற்றாக நின்று ஓராண்டு கடந்த பிறகு இரத்தம் தெரிந்தால், அது ஒரு சொட்டானாலும், ஒரே நாளானாலும், நிறம் வெளுத்திருந்தாலும் காரணம் காணாமல் விடக் கூடாது. பெரும்பாலும் உட்சுவர் மெலிந்து வறண்டுபோவதே காரணமாக இருக்கும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டுமே புற்றுநோய் இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தால், மாதவிலக்கு நின்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த இரத்தக் கசிவுதான் அறிகுறியாக இருந்திருக்கிறது. அதாவது, உடலே முன்கூட்டிச் சொல்லிவிடும் அரிய புற்றுநோய் இது. அந்தச் சொல்லைக் கேட்டு உடனே போனவர்களுக்கு நோய் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடிபடுகிறது. அந்த நிலையில் அறுவை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

சென்ற வருடத்துப் பாப் ஸ்மியரை இதற்கு ஆதாரமாகக் கொள்ளாதே. அது கருப்பையின் வாயிலைப் பார்த்த சோதனை, உள்ளறையைப் பார்த்ததல்ல. அம்மாவுக்குத் தேவைப்படுவது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, கசிவு மறுபடியும் வந்தாலோ, உறிஞ்சு குழலைவிட மெல்லிய ஒரு குழாயை உள்ளே விட்டுச் சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். மாதவிலக்கு வலியைப் போன்ற பிடிப்பு சிறிது நேரம் இருக்கும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவை.

அம்மாவின் உடல் கனத்தையும் சர்க்கரையையும் நீ எழுதியது மிகவும் நல்லது, ஏனென்றால் இந்நோயின் காரணம் அங்கேதான் தொடங்குகிறது. சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடலின் கொழுப்புத் திசு வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரை வளரத் தூண்டும். அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் அந்த வயதில் இல்லை. இன்சுலின் மிகுதியும் இதற்குத் துணைபோகிறது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பது நாம் அறிந்ததே. அது சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் காலுக்கும் கேடு என்று எல்லாரும் பேசுகிறோம். கருப்பைக்கும் கேடு என்று எந்த நீரிழிவுக் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மாதவிலக்கு வரும் இளம்பெண்களுக்கும் இதே காரணத்தால் ஆபத்து கூடுகிறது. அவர்கள் அதை "தொல்லை விட்டது" என்று விட்டுவிடாமல் மாத்திரை எடுத்துச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடமாக மருந்து அடிக்கிறேன். என்னோடு வேலை செய்த அக்கா கருப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துவிட்டார். மருந்துதான் காரணமா? – ஒரு தொழிலாளி

பதில்: அந்த அக்காவை நினைத்து வருந்துகிறேன், சகோதரி. கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை நிலைநாட்டப்பட்ட காரணம் எச்பிவி கிருமிதான்; களைக்கொல்லி அதை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. அதனால் மருந்து தீங்கற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் வெந்துபோவதும் நகம் கழல்வதும் மூக்கில் இரத்தம் வடிவதும் நான் கண்ணால் கண்டவை. பாரகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது காரணமில்லாமல் இல்லை. கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியைத் தனியே துவையுங்கள். ஆனால் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் சோதனைக்குப் போகாமல் இருந்தால், அக்காவைக் கொண்டுபோன நோய் உங்களிடமும் தெரியாமலே வளர இடமுண்டு.

கேள்வி: பிறப்புறுப்பில் முகப்பவுடர் போடுவது கெடுதலா? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல், பல பவுடர்களில் இருக்கும் டால்க் என்னும் கனிமத்தை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் சேர்த்தது. சினைப்பைப் புற்றுநோயுடன் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அது முடிந்த முடிவல்ல. அந்த இடத்துக்குப் பவுடர் எவ்வகையிலும் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34, இரண்டு குழந்தைகள். என் அம்மா 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அம்மாவின் தங்கை, என் சித்தி, 42 வயதில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று இப்போது நலமாக இருக்கிறார். ஈப்போவில் ஒரு பேரங்காடியில், ஓர் இரத்தச் சோதனையில் சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிவிடும் என்று சொல்லித் தொகுப்பு விற்கிறார்கள். ஆண்டுதோறும் எடுத்தால் போதுமா? – ஒரு வாசகி, தாமான் துன் சம்பந்தன்

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவின் வயதைப் படித்தபோது மனம் கனத்தது. உங்களுக்கு இனிப்பான பதில் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மையானதைத்தான் சொல்ல வேண்டும். அறிகுறி இல்லாத பெண்களிடம் சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபிக்கப்பட்ட சோதனை இன்றுவரை இல்லை.

அவர்கள் விற்பது பெரும்பாலும் சிஏ-125 என்னும் புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனையாக இருக்கும். பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதையும் ஸ்கேனையும் வைத்துப் பல ஆண்டுகள் மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். 2021இல் இறுதி முடிவு வந்தபோது, இரத்தச் சோதனைக் குழுவில் நோய் சற்று முன்னதாகப் பிடிபட்டிருந்தும், மரணம் குறையவில்லை. அந்த ஆய்வுக்காகத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட மருத்துவர்களுக்கும் அது மிகுந்த ஏமாற்றமாகவே இருந்திருக்கும். மேலும், உங்கள் வயதில் மாதவிலக்கு நாட்களிலும், கருப்பைத் தசைக்கட்டி இருந்தாலும், காசநோய் வந்தாலும் சிஏ-125 கூடும். புற்றுநோய் தொடக்கத்தில் இருக்கும் பலருக்கு அது கூடாமலும் இருக்கும். ஆகவே அந்தத் தாள் உங்களை வீணாகப் பயமுறுத்தலாம், அல்லது வீணாகத் தைரியப்படுத்தலாம்.

ஆனால் உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, அது பேரங்காடியில் இல்லை. அம்மாவுக்குச் சினைப்பையிலும் சித்திக்கு இளவயதில் மார்பகத்திலும் நோய் வந்திருப்பதால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் இரு மரபணுக்களில் ஒன்றில் பரம்பரைக் கோளாறு இருக்கக்கூடும். அமெரிக்க ஆய்வாளர் மேரி-கிளேர் கிங், பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குரிய மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டினார். 1994இல் அந்த மரபணுவான பிஆர்சிஏ1ஐயும் அடுத்த ஆண்டு பிஆர்சிஏ2ஐயும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். பிஆர்சிஏ1 கோளாறு உள்ளவருக்கு அது நூற்றில் நாற்பதையும் தாண்டலாம். பிஆர்சிஏ2 என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் அலட்சியப்படுத்தும் அளவல்ல.

சோதனையை உங்களிடம் தொடங்குவதைவிடச் சித்தியிடம் தொடங்குவதே சரி. நோய் வந்த ஒருவரிடம் கோளாறு இன்னதென்று தெரிந்தால், உங்களிடம் அதே ஒன்றைத் தேடிப் பார்த்து "உண்டு, இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். கோளாறு சித்தியிடம் உண்டு, உங்களிடம் இல்லை என்றால், உங்கள் ஆபத்தும் மற்றப் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும், உங்கள் பிள்ளைகளுக்கும் அது போகாது. இருந்தால், பிள்ளைப்பேறு முடிந்த பின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வதே இன்று நமக்குத் தெரிந்த மிக உறுதியான பாதுகாப்பு. பிஆர்சிஏ1க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2க்கு 40 முதல் 45க்குள் என்பது பொதுவான அறிவுரை. கருத்தடை மாத்திரையும் இந்நோயின் ஆபத்தைக் குறைக்கிறது, ஆனால் உங்கள் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயும் இருப்பதால் நீங்களாக அதைத் தொடங்கக் கூடாது.

கருக்குழாய்களை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், இந்த நோயைப் பற்றிய எண்ணமே கடந்த இருபது ஆண்டுகளில் மாறிவிட்டது. மிகக் கொடிய வகைச் சினைப்பைப் புற்றுநோய்களில் பல, சினைப்பையில் தொடங்காமல், கருக்குழாயின் விரல் போன்ற நுனியில் தொடங்கி அங்கிருந்து பரவுகின்றன என்று அறுவையில் எடுத்த குழாய்களை மெல்லிய துண்டுகளாக நறுக்கி ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இதனால் வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போதே குழாய்களையும் எடுத்துவிடும் வழக்கம் பல நாடுகளில் வந்திருக்கிறது. நோய் உண்மையில் பிறக்கும் இடம் தெரிந்துவிட்டதால், அதை அங்கேயே கண்டுபிடிக்கும் சோதனை ஒரு நாள் வரும் என்று நான் நம்புகிறேன்.

அதுவரை அறிகுறிகளைத்தான் கவனிக்க வேண்டும். வயிறு உப்புசம், இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துபோவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவை நம் வீடுகளில் "வாயு" என்ற பெயரில் ஓமத் தண்ணீரோடு முடிந்துவிடும். இவை புதிதாகத் தோன்றி, மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் இருந்தால், அப்போது சிஏ-125உம் ஸ்கேனும் எடுப்பதில் பொருள் உண்டு.

சித்தியிடம் பேசும் முன் ஒரு தாளில் குடும்பத்தை வரைந்து கொள்ளுங்கள்: அம்மா வழியில் பாட்டி, பெரியம்மா, சித்தி, மாமா; அப்பா வழியில் அத்தைமார், அப்பாயி. இந்த மரபணு தந்தை வழியாகவும் வரும், ஆண்களும் அதைக் கொண்டிருப்பார்கள். லயத்தில் வாழ்ந்த பாட்டிமார்களின் நோய்க்கு யாரும் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். "வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு செத்தாள்" என்று மூத்தவர்கள் யாரைப் பற்றியாவது சொன்னால், வயதோடு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சித்தியின் சிகிச்சைக் கோப்பையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, சித்தியையும் அழைத்துக்கொண்டு அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கே சென்று, மரபணு ஆலோசனைக்கு அனுப்பக் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள்.